ஐந்தும் நல்லபடியாகப் பிறந்தன, ஆறாவதற்கு என்ன பயம்?

கேள்வி: என் கணவர் எத்தியோப்பியாவில் ஜிம்மா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். நாங்கள் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை நான் ‘அக்கா’ என்றே கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிவிட்டது. வயது 33 என்கிறார். ஐந்து குழந்தைகள், கடைசிக் குழந்தைக்குப் பத்து மாதம். இப்போது மறுபடியும் கர்ப்பம், நான்கு மாதம் இருக்கும் என்கிறார். ஐந்துமே ஊரில், மாமியார் பார்த்த வீட்டுப் பிரசவம். இதற்கும் ஊருக்குத்தான் போவாராம். ‘ஐந்தும் நல்லபடியாகப் பிறந்தன, ஆறாவதற்கு என்ன பயம்’ என்று சிரிக்கிறார். மூத்த மகளுக்கு 16 வயது. அவளுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அக்காவுக்கு அந்த மகள் பிறந்ததும் ஏறக்குறைய அதே வயதில்தான். நான் வெளிநாட்டுக்காரி. இதில் தலையிடலாமா? என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?
— ஜிம்மாவிலிருந்து ஒரு வாசகி

மகப்பேறு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

தலையிடலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது. ஆனால் முடிவெடுக்க அவர் கையில் இருப்பது ஐந்து நல்ல பிரசவங்களின் அனுபவம் மட்டும்தான். ஆறாவது ஏன் வேறு மாதிரி என்பதை யாரும் அவருக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் சொல்வதை அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். 2011இல் எத்தியோப்பியாவில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே பெற்ற பெண்களிடம் ஏன் என்று கேட்டார்கள். 61 சதவீதம் பேர் ‘அவசியப்படவில்லை’ என்றார்கள். 30 சதவீதம் பேர் ‘எங்கள் வழக்கத்தில் இல்லை’ என்றார்கள். உங்கள் அக்காவும் அதைத்தான் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நான் இரண்டு வருடம் எத்தியோப்பியாவில் ஒரு போதனா மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அங்கேயும் இதே பேச்சைக் கேட்டேன், அதற்கு முன்னால் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பிரசவமும் மறுபிறவி என்று நம் பாட்டிகள் சொன்னார்கள் அல்லவா? ‘ஒவ்வொரு’ என்ற சொல்தான் அதில் முக்கியம். போன தடவை பிழைத்ததை இந்தத் தடவைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆறாவது ஏன் வேறு என்று சொல்கிறேன், இதை அப்படியே அவரிடம் சொல்லலாம். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. இத்தனை இரத்தத்தை நிறுத்துவது கர்ப்பப்பையின் தசைதான். அது கல் மாதிரி இறுகி, தன் நார்களுக்கு நடுவே ஓடும் குழாய்களை நெரித்து மூடிவிடும். நான்கைந்து முறை விரிந்து சுருங்கிய தசை சில சமயம் அப்படி இறுகாது, தொளதொளவென்று நின்றுவிடும். வயிற்றுச் சுவரும் தளர்ந்திருப்பதால் குழந்தை தலைகீழாக இறங்காமல் குறுக்கே படுப்பதும் இவர்களிடம்தான் அதிகம். குறுக்கே படுத்த குழந்தையை வீட்டில் முக்கச் சொன்னால் கர்ப்பப்பை கிழிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

அங்கே நான் பார்த்த ஒருத்தியை மறக்க முடியவில்லை. ஏழாவது பிரசவம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். பிரசவம் சுலபமாக, ஒரு மணி நேரத்தில் முடிந்ததாம். அதற்குப் பிறகுதான் உதிரம் நிற்கவில்லை. ஊர் ஆண்கள் கட்டிலில் தூக்கி வந்து, சாலையில் வண்டி பிடித்து எங்களிடம் சேர்த்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. இப்படிப்பட்ட உதிரப்போக்கில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம். அவள் எங்களிடம் வந்தபோது நாடி இருந்தது. இரத்தம் ஏற்றத் தொடங்கும்போது இல்லை. கூட வந்த அவளுடைய அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: ‘குழந்தை சுலபமாகத்தானே பிறந்தது?’ உங்கள் அக்கா சொன்னதைப் படித்ததும் அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

இப்போது உங்கள் அக்காவின் கணக்கைப் பார்ப்போம். முன்னே சொன்னது போன்ற கணக்கெடுப்புகளில் நான்கு விஷயங்களை ஆபத்து என்று குறிப்பார்கள். தாய்க்கு 18 வயது நிறையாமல் இருப்பது, 34 தாண்டியிருப்பது, முந்தைய குழந்தைக்கும் இதற்கும் 24 மாதத்துக்குக் குறைவான இடைவெளி, மூன்று குழந்தைகளுக்கு மேல் பெறுவது. முதல் ஆபத்தை அவர் தன் தலைப்பிரசவத்திலேயே கடந்து வந்துவிட்டார். இப்போது கடைசி இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. வயதும் வாசல் வரை வந்துவிட்டது. அதுவும் 33 என்பதை நான் முழுக்க நம்ப மாட்டேன். அந்த நாட்டில் பிறப்புப் பதிவு முறையாகத் தொடங்கியதே 2016இல்தான், பெரியவர்கள் வயதைக் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள்.

இடைவெளிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரு குழந்தையைப் பெற்ற பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதமாவது காத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இவருக்கு ஆறு மாதம்கூட முழுசாகக் கிடைத்ததா என்று தெரியவில்லை. கர்ப்பமும் பாலூட்டலும் உடம்பிலிருந்து இரும்புச் சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அது திரும்ப நிரம்புவதற்குள் அடுத்தது வந்தால் இரத்தசோகைதான். நல்ல இரத்தம் உள்ள பெண் அரை லிட்டர் இழந்தால் தாங்கிக்கொள்வாள். இரத்தசோகைக்காரிக்கு அதே அரை லிட்டர் உயிருக்கு உலை.

‘பால் கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன், எப்படித் தங்கியது?’ என்று அவர் கேட்டாலும் கேட்பார். பால் கொடுப்பது கர்ப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுத்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாதவிலக்கு திரும்பாமலேயே கரு தங்கியிருந்தால் கடைசி விலக்குத் தேதி என்று ஒன்று இருக்காது. ‘நான்கு மாதம்’ என்பது வெறும் ஊகம். தேதி இருந்தாலும் எத்தியோப்பிய நாட்காட்டியில் முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டு, அதன்மேல் பகுமே என்று ஐந்து அல்லது ஆறு நாள் உள்ள பதின்மூன்றாவது குட்டி மாதம் ஒன்று. அங்கே செவிலியர்கள் கடைசி விலக்குத் தேதியோடு ஒன்பது மாதமும் பத்து நாளும் கூட்டுவார்கள், நடுவில் பகுமே வந்தால் ஐந்து நாள் மட்டும். அழகான கணக்கு, ஆனால் தொடக்கத் தேதி இல்லாதவருக்கு உதவாது. அதனால் 24 வாரம் ஆவதற்குள் ஒரு ஸ்கேன் வேண்டும். பிரசவ நாள் தெரியாமல் எந்த ஏற்பாடும் செய்ய முடியாது. நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, ஒன்றா இரட்டையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்கேனோடு இரத்த அளவு (ஹீமோகுளோபின்), இரத்த வகை, இரத்த அழுத்தம், சிறுநீர், எச்.ஐ.வி., சிபிலிஸ் எல்லாம் பார்த்துவிடச் சொல்லுங்கள். எத்தியோப்பியாவில் அரசு சுகாதார மையங்களில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் கட்டணம் இல்லை. போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலி இழப்பும்தான் தடை. அந்த நாளுக்கான சம்பளத்தைப் பிடிக்காமல் விடுமுறை கொடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் இதுவே பெரியது, இதற்கு எந்த அறிவுரையும் தேவையில்லை.

இரும்பு, ஃபோலிக் மாத்திரை கொடுப்பார்கள். ஜிம்மாவில் இருக்கிறீர்கள் என்பதால் ஒரு விஷயம்: அந்த ஊரில் காப்பி வெறும் பானமல்ல, விருந்தினர் வந்தால் வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றிக் கொடுப்பார்கள். காப்பியோடு விழுங்கிய இரும்பு மாத்திரை பாதி வீண். மாத்திரைக்கும் காப்பிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும், இரவு படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பல பெண்கள் அதைப் பார்த்துப் பயந்தே நிறுத்திவிடுகிறார்கள். கொசுவலைக்குள் தூங்கச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பத்து மாதக் குழந்தை? கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் எனக்கு அந்தக் குழந்தை மேல்தான் கண். கர்ப்பம் என்று தெரிந்ததும் ‘இந்தப் பால் குழந்தைக்கு ஆகாது’ என்று சட்டென்று நிறுத்திவிடும் வழக்கம் அங்கேயும் உண்டு, நம்மிடமும் உண்டு. 1930களில் கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், வயிறும் காலும் வீங்கி முடி செம்பட்டையாகிப் போகும் ஒரு நோய்க்கு ‘குவாஷியோர்கர்’ என்ற உள்ளூர்ப் பெயரையே மருத்துவ உலகுக்கு எழுதினார். அடுத்த குழந்தை வந்ததால் தாயின் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்தச் சொல்லின் பொருள். அந்த ஊர்த் தாய்மார்கள் காரணத்தைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள். கர்ப்பமான தாயின் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. உதிரம் படுவதோ முன்கூட்டியே வலி வரும் அறிகுறியோ இல்லாவிட்டால் தொடர்ந்து கொடுக்கலாம். கூடவே திட உணவும் வேண்டும். அந்தப் பக்கம் சாப்பிடும் எண்செட் மாவில், அதாவது நம் வாழைக்கு உறவான அந்தச் செடியின் மாவில், புரதம் மிகக் குறைவு. ஷிரோ என்ற பருப்பு மாவுக் குழம்பு, முட்டை, பால் ஏதாவது ஒன்று தினமும் அந்தக் குழந்தை வாயில் போகட்டும். அக்கா வேலைக்கு வரும்போது குழந்தையையும் கூட்டிவரச் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போவது பற்றி. நான் இதில் உறுதியாகச் சொல்வேன்: இவருக்கு வீட்டுப் பிரசவம் கூடாது. அறுவை சிகிச்சையும் இரத்தமும் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கும்போது அதைவிட்டுத் தொலைவுக்குப் போவதில் அர்த்தமே இல்லை. மாமியாரைக் குறைத்துப் பேசவில்லை. ஐந்து பிரசவம் பார்த்த கை அது. அந்தக் கையில் கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்சிடோசின் ஊசி இல்லை என்பதுதான் பிரச்சினை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் பத்து யூனிட் போட்டால் பெரும்பாலும் உதிரம் கட்டுக்குள் இருக்கும், ஆனால் குளிர்பதனப் பெட்டியில் வைக்காவிட்டால் மருந்து வீரியம் இழந்துவிடும்.

ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்றால் எத்தியோப்பியாவில் பிரசவக் காத்திருப்பு இல்லங்கள் உண்டு. மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு எளிய வீடு. கடைசி இரண்டு மூன்று வாரம் அங்கே வந்து தங்கிக்கொள்ளலாம், வலி எடுத்ததும் நடந்தே பிரசவ அறைக்குப் போய்விடலாம். குராகே பகுதியில் அட்டாட் மருத்துவமனையில் 1976இலேயே இதைத் தொடங்கினார்கள். 1987 முதல் 2008 வரையிலான பிரசவக் கணக்கைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது, காத்திருப்பு இல்லத்தில் தங்கிப் பெற்றவர்களில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 90 தாய்மார்களும், நேரே வந்தவர்களில் 1,333 பேரும் இறந்திருந்தார்கள். நேரே வந்தவர்களில் பலர் நிலைமை கைமீறிய பிறகு வந்தவர்கள், அதனால் இந்த இரண்டையும் அப்படியே எடைபோடக் கூடாது. அப்படியும், கைமீறுவதற்கு முன்னால் வந்து சேர்வதற்குத்தானே அந்த வீடு! ஜிம்மா வட்டாரச் சுகாதார மையங்களிலும் இந்த இல்லங்கள் உண்டு. அங்கே தங்காததற்குப் பெண்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?’ அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்காமல் ‘ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சொல்வது பயனில்லாத பேச்சு. மாமியாரை அந்த இரண்டு மூன்று வாரம் டவுனுக்கு வரவழைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அவருக்கும் இதில் ஒரு மரியாதையான இடம் கிடைக்கும்.

இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பார்கள் என்பதை இப்போதே பேசி வைக்கட்டும். தாங்காத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, எந்த மாதத்திலும் உதிரம் படுவது, காய்ச்சல், பனிக்குடம் உடைவது, குழந்தை அசைவு குறைவது: இவற்றில் எதைக் கண்டாலும் நடு இரவானாலும் கிளம்ப வேண்டும். பிறந்த பிறகு முதல் 24 மணி நேரமாவது அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்கு ‘போதும் என்றால் ஆபரேஷன் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே’ என்று வாயில் வந்துவிடும். நம் மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைச் செய்துகொண்டவர்கள். எத்தியோப்பியாவில் அது நூற்றில் ஒருவர்கூட இல்லை. அங்கே 2016 கணக்குப்படி மணமான பெண்களில் 23 சதவீதம் பேர் மூன்று மாத ஊசி, 8 சதவீதம் பேர் கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி. எடுத்த எடுப்பில் ஆபரேஷன் என்றால் அவர் அரண்டுபோவார். ‘இதற்கு முன்னால் ஏதாவது வைத்திருந்தீர்களா, ஏன் நிறுத்தினீர்கள்’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஊசியால் உதிரம் தாறுமாறாகப் பட்டது, மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், கணவருக்குப் பிடிக்கவில்லை என்று ஏதாவது ஒன்று வரும். குச்சியைக் கிராம மட்டத்திலேயே வைத்துவிடுகிறார்கள். 2003இல் தொடங்கிய திட்டத்தில் கெபெலே என்ற சிறு ஆட்சி வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெண் சுகாதாரப் பணியாளர்கள் உண்டு, 2009 முதல் அவர்களுக்கே மூன்று வருடக் குச்சி வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பால் கொடுப்பவரும் வைத்துக்கொள்ளலாம். காப்பர் டி என்றால் பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள், வீடு திரும்பும் முன்பே போட்டுவிடலாம். இது எல்லாவற்றையும் ஏழாம் மாதத்திலேயே பேசி, அவர் எதை விரும்புகிறார் என்று அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வலியில் கிடப்பவரிடம் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்டுச் சட்டப்படியும் திருமண வயது 18. ஆனால் போலீஸ், சட்டம் என்று நீங்கள் தொடங்கினால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிடும், கல்யாணம் சத்தமில்லாமல் நடந்துவிடும். 16 வயதில் இடுப்பெலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, சரியான சாப்பாடில்லாத பெண்ணுக்கு இன்னும் தாமதம். குழந்தையின் தலை நாள்கணக்கில் அங்கே அழுத்திக்கொண்டு நின்றால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவே சதை அழுகி ஓட்டை விழுகிறது. அதற்குத்தான் ஃபிஸ்டுலா என்று பெயர். குழந்தையும் பெரும்பாலும் பிழைக்காது, சிறுநீர் காலமெல்லாம் ஒழுகும். 1959இல் அடிஸ் அபாபாவுக்கு வந்த ரெஜினால்ட், கேத்தரின் ஹாம்லின் தம்பதியர் இந்தப் பெண்களுக்காகவே 1974இல் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். உங்களுக்கு மேற்கே மெட்டுவிலும் அதன் கிளை இருக்கிறது. நான்கு நாள் பிரசவ வலிக்குப் பிறகு பதின்வயதில் அவர்களிடம் வந்த மாமிட்டு காஷே, எழுதப் படிக்கத் தெரியாதவர், பின்னாளில் அங்கேயே ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை செய்பவராக ஆனார். அவர் கதையை அக்காவிடம் சொல்லுங்கள். எத்தியோப்பியாவில் பலருக்கு அவர் பெயர் தெரியும்.

அம்ஹாரா பகுதியில் 2004இல் ‘பெர்ஹானே ஹெவான்’ என்ற திட்டத்தில், மகளைக் கட்டிக்கொடுக்காமல் இரண்டு வருடம் வைத்திருந்த குடும்பத்துக்கு ஒரு ஆடும், பள்ளிக்குப் போகிறவளுக்கு நோட்டு, பேனாவும் கொடுத்தார்கள். 10 முதல் 14 வயதுப் பெண்களிடம் திருமணம் வெகுவாகக் குறைந்தது. 15க்கு மேல் அந்தப் பலன் இல்லை. அதனால் 16 வயதுக்காரியைத் தடுத்து நிறுத்துவது எளிது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஏழைக் குடும்பத்தில் மகளின் கல்யாணம் பெரும்பாலும் பணக் கணக்கும் கூடத்தான், அந்தக் கணக்கில் நீங்கள் கொஞ்சம் மாற்றம் செய்யலாம். படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அவளை உங்கள் வீட்டில் தங்கவைப்பது என்று முடிவானால், படிப்பதற்காக மட்டும் தங்கவையுங்கள். கல்யாணத்துக்குப் பயந்து டவுனுக்கு வந்து, வீட்டு வேலைக்காரியாகவே முடிந்துபோகும் பெண்கள் அங்கே ஏராளம். பாத்திரம் தேய்க்கச் சொல்லிவிடாதீர்கள், சகோதரி.

எப்படிப் பேசுவது என்றால், அக்காவின் கணவர் இருக்கும்போது பேசுங்கள். காப்பிக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அதுதான் சரியான நேரம், மூன்று சுற்று முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். எத்தியோப்பியாவில் 2000இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 871 தாய்மார்கள் இறந்தார்கள், 2016இல் அது 412. மருத்துவமனைப் பிரசவம் 2000இல் நூற்றுக்கு 5, 2016இல் 26, 2019இல் 48. ‘வழக்கத்தில் இல்லை’ என்றது அவர்கள் ஊரிலேயே மாறிவிட்டது, அதைச் செய்ததும் அவர்கள் கெபெலேயின் பெண்கள்தான். நீங்கள் சொல்வதைவிட அந்தச் சுகாதாரப் பணியாளர் அந்த ஊர் மொழியான அஃபான் ஒரோமோவில் சொன்னால் கணவருக்கு இன்னும் நன்றாக ஏறும், அவரையும் கூப்பிடுங்கள்.

இந்த வாரமே ஒரு நாள் அக்காவுக்கு விடுமுறை கொடுத்து ஸ்கேனுக்கு அனுப்பிவிடுங்கள். தேதி என்ன வந்தது, இரத்த அளவு எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். 11க்குக் கீழே இருந்தால் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டும், 7க்குக் கீழே என்றால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.